நடத்தை: நன்று

பள்ளியை விட்டுப் போகும் பிள்ளைக்குக் கொடுக்கிற மாற்றுச் சான்றிதழில் நடத்தைக்கென்று ஒரு வரி உண்டு. அந்த வரியில் தலைமையாசிரியர்கள் பெரும்பாலும் 'நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். வருஷம் முழுக்க வகுப்புக்கு வெளியே முட்டி போட்டவனுக்கும் 'நன்று', முதல் பெஞ்சை விட்டு நகராதவளுக்கும் 'நன்று'. சோம்பேறித்தனம் என்பார்கள் சிலர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு பையனைப் பற்றி மோசமாக ஒரு வார்த்தை காகிதத்தில் ஏறிவிட்டால் அது அவன் பின்னாலேயே வரும் என்று தெரிந்த பழைய வாத்தியார்களின் இரக்கம் அது. காகிதம் பின்னால் வந்தால் என்ன ஆகும் என்பது இந்தக் கம்பம் பள்ளத்தாக்குக்குத் தெரிந்த அளவு வேறு எந்தச் சீமைக்கும் தெரியாது.

தேனியிலிருந்து கம்பம் ரோட்டில் போனால் தேனி எங்கே முடிகிறது, பழனிசெட்டிபட்டி எங்கே தொடங்குகிறது என்று இப்போது சொல்வது கஷ்டம். பேரூராட்சிப் பலகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். முல்லைப் பெரியாற்றுத் தடுப்பணை இருக்கிறது, நெல்வயலும் இருக்கிறது, வயலை ஒட்டியே பிளாட் கற்களும் நட்டாகிவிட்டது. காலை எட்டரை மணிக்கு ரோட்டோரம் நின்றால் சைக்கிளிலும் ஷேர் ஆட்டோவிலும் வேனிலும் பிள்ளைகள் போய்க்கொண்டே இருப்பார்கள். இவர்கள் வகுப்பில் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள், இவர்களை யார் என்ன செய்வது என்ற கேள்விக்கு நூறு வருஷத்தில் இந்த வட்டாரத்துக்கு மூன்று பதில் வந்திருக்கிறது. முதலில் போலீஸ், அடுத்து பிரம்பு, இப்போது போன் நம்பர். நாலாவது பதில் ஒன்று உண்டு. அது இன்னும் தேனி பஸ் ஏறவில்லை.

முதல் பதிலைப் பேசாமல் இந்தப் பக்கத்தைப் பற்றிப் பேச முடியாது. குற்றப் பரம்பரைச் சட்டத்தை இங்கே பெரியவர்கள் 'ரேகைச் சட்டம்' என்பார்கள். 1914-இல் மதுரைக்குப் பக்கத்தில் கீழக்குயில்குடியில் தொடங்கி, பிறகு பிரமலைக் கள்ளர் சமூகம் முழுவதன் மேலும் அது பாய்ந்தது. எந்தத் தப்பும் செய்யாதவனும் பதிவேட்டில் விரல் ரேகை வைக்க வேண்டும். இரவானால் போலீஸ் சொல்கிற இடத்தில், பல ஊர்களில் சாவடியில், போய்ப் படுக்க வேண்டும். வெளியூருக்குப் போக ராத்திரிச் சீட்டு வாங்க வேண்டும். வீட்டுப் பையனுக்கு மீசை முளைத்தால் பதிவேட்டில் இன்னொரு பெயர் ஏறப்போகிறது என்று அர்த்தம். பிள்ளைகளைப் பெற்றவர்களிடமிருந்து பிரித்துத் தனிப் பள்ளிகளில் அடைக்கும் அதிகாரத்தையும் 1911-ஆம் ஆண்டுச் சட்டம் அரசுக்குக் கொடுத்திருந்தது. நடத்தை ரத்தத்தில் வருவது, பிறந்த வீட்டிலேயே எழுதப்பட்டுவிட்டது என்பதுதான் அந்தச் சட்டத்தின் உளவியல். அதை யாரும் உளவியல் என்று சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஏறக்குறைய அதே காலத்தில், 1904-இல், அமெரிக்காவில் ஸ்டான்லி ஹால் என்ற உளவியலாளர் வளரிளம் பருவத்தைப் பற்றி இரண்டு தடித்த தொகுதிகள் வெளியிட்டார். அந்த வயதில் கொந்தளிப்பு எல்லாப் பிள்ளைக்கும் வந்து போகும் என்பது அவர் வாதம். அவருடைய கருத்துகளில் பலவற்றைப் பின்னால் வந்தவர்கள் தள்ளிவிட்டார்கள் என்றாலும், பதினைந்து வயதுக் கோபத்துக்கு அங்கே பருவம் என்று பெயர் கிடைத்தது. இங்கே அதற்குப் பரம்பரை என்று பெயர்.

1920 ஏப்ரல் 3-ஆம் தேதி பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த சனங்களைப் போலீஸ் சுட்டது. இந்தச் சட்டத்துக்கு எதிராக வழக்காடிய ஜார்ஜ் ஜோசப்பை ஊர் மக்கள் 'ரோசாப்பூ துரை' என்று கொண்டாடினார்கள். சென்னை மாகாணத்தில் சட்டம் ஒழிந்தது 1947-இல்தான். துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு வந்ததுதான் கள்ளர் சீரமைப்பு. பள்ளிக்கூடம், விடுதி, கூட்டுறவுச் சங்கம் என்று அரசு இன்னொரு வழியிலும் உள்ளே வந்தது. மதுரை, தேனி, திண்டுக்கல் மூன்று மாவட்டங்களிலும் சேர்த்து முந்நூறை ஒட்டி அரசு கள்ளர் பள்ளிகள் இன்றும் நடக்கின்றன. எந்த எண்ணத்தில் தொடங்கியிருந்தாலும், ரேகை வைத்தவரின் பேரப்பிள்ளைகளை வாத்தியாராகவும் தாசில்தாராகவும் ஆக்கியது அந்தப் பள்ளிகள்தான். அவற்றைப் பொதுப் பள்ளிக் கல்வித்துறையோடு சேர்க்கப் போகிறோம் என்று பேச்சு வந்ததும் உசிலம்பட்டியிலிருந்து தேனி வரை எதிர்ப்பு எழுந்ததற்கு இதுவும் ஒரு காரணம். சீரமைப்பு என்ற சொல்லில் இருக்கிற இளக்காரம் எதிர்த்தவர்களுக்குத் தெரியாதா என்ன? தெரிந்தும் அந்தப் பள்ளியைத் தங்கள் சொத்தாக நினைக்கிறார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு வந்தது பிரம்பின் காலம். "சார், கண்ணு ரெண்ட மட்டும் விட்டுட்டு மத்த எடமெல்லாம் தோல உரிச்சிருங்க" என்று மகனைக் கொண்டுவந்து விட்ட அய்யாக்களை அறுபது வயதைத் தாண்டிய யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பிரம்பு மேசையின் மேலேயே கிடக்கும். சில வாத்தியார்கள் அடி வாங்கப் போகிறவனையே பக்கத்து வகுப்புக்கு அனுப்பிப் பிரம்பு வாங்கிவரச் சொல்வார்கள். அது உடைந்தால் பூவரசோ புளியோ ஒடித்துக்கொண்டு வரவும் அவனைத்தான் அனுப்புவார்கள். கடைசி பெஞ்சு மாப்பிள்ளை பெஞ்சு. முட்டி போடுவது, பெஞ்சு மேல் ஏறி நிற்பது, காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் என்று தண்டனைக்கும் ஒரு பாடத்திட்டம் இருந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த வாத்தியார்களும் உளவியல் படித்தவர்கள்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தில் போவாஸ் என்பவர் தலைமையில் உளவியல் துறை தொடங்கியது 1943-இல். ஆசிரியப் பயிற்சியில் கல்வி உளவியல் கட்டாயப் பாடம். பாவ்லோவின் நாயும் தார்ன்டைக்கின் பூனையும் ஸ்கின்னரின் எலியும் பரீட்சைக்கு வந்துபோகும். ஸ்கின்னர் எழுதியதே தண்டனையால் பழக்கம் மாறுவதில்லை, பாராட்டால்தான் மாறும் என்று. அதைப் பத்து மார்க்குக்குக் குறையாமல் எழுதித் தேறிவிட்டு, ஜூன் மாதம் வேலைக்குச் சேர்ந்ததும் முதலில் பிரம்பைத் தேடுவார்கள். புத்தகத்தில் இருப்பது வெள்ளைக்கார எலிக்கு, வகுப்பில் இருப்பது நம்ம ஊர்ப் பிள்ளை என்று ஒரு தெளிவு!

அந்தக் காலத்தை முழுக்கப் பழிக்கவும் மனம் வரவில்லை. அன்றைய வாத்தியார் பல ஊர்களில் உள்ளூரிலேயே வாடகைக்குக் குடியிருந்தார். எந்தப் பையனின் அப்பா ராத்திரி குடித்துவிட்டு வந்தார், எந்த வீட்டில் இரண்டு நாளாக உலை வைக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். காலையில் அடித்தவனையே மதியம் கூப்பிட்டுத் தன் தூக்குவாளியிலிருந்து சோறு போட்டவர்கள் உண்டு. அந்த வாத்தியாருக்குச் சாதியும் தெரியும், அதை வைத்து யாரை முன்னால் உட்கார வைப்பது, யாரை மாடு மேய்க்கப் போகச் சொல்லித் திட்டுவது என்றும் தெரியும். இரண்டும் சேர்ந்ததுதான் அந்த நெருக்கம். ஒன்றை மட்டும் எடுத்து வைத்துப் பெருமூச்சு விடுகிறவர்களை நான் நம்புவதில்லை.

பள்ளிக்கு வெளியேயும் ஒரு மருத்துவம் நடந்தது. திடீரென்று பேச்சை நிறுத்திவிட்ட பெண், சோறு தண்ணி இறங்காமல் முறைத்துக்கொண்டிருக்கும் பெண், இவர்களைக் கோடாங்கியிடம் கூட்டிப் போவார்கள். உடுக்கை அடித்து, எந்தப் பேய் எந்தப் புளியமரத்தில் பிடித்தது என்று கேட்டு, முடியை ஆணியில் அடித்து முடிப்பார். சில வேளை அது பலித்தும் இருக்கிறது. நாலு மணி நேரம் ஊரே உட்கார்ந்து ஒரு பெண் பேசுவதைக் கேட்டால் கொஞ்சம் பாரம் இறங்கத்தானே செய்யும். பையன்களின் தொல்லைக்குப் பெயர் சேட்டை, பெண்களின் தொல்லைக்குப் பெயர் பேய். பள்ளிக்கூடமோ சத்தம் போடுகிற பிள்ளையைத்தான் பார்த்தது. சத்தமில்லாமல் வாடிப்போன பெண்ணுக்கு 'அடக்கமான புள்ள' என்று சர்டிபிகேட் கொடுத்தது. எட்டாவதோடு நின்று, பதினாறில் கல்யாணமாகிப் போனவர்களில் எத்தனை பேர் அப்படி அடக்கமாக இருந்தார்களோ.

பரீட்சை ரிசல்ட் வரும் நாள் இன்னொரு கொடுமை. எண்பதுகளில், தொண்ணூறுகளில் எஸ்.எஸ்.எல்.சி. முடிவு பத்திரிகையில் நம்பர் நம்பராக அச்சாகும். மாலைப் பேப்பர்க் கட்டு தேனி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் பிய்த்துக்கொள்வார்கள். உன் நம்பருக்கு முந்தியதும் பிந்தியதும் இருந்து உன் நம்பர் மட்டும் இல்லையென்றால் அந்த இடைவெளியை ஊரே படிக்கும். பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஒரே பேப்பரைப் பார்ப்பதால், தோற்றவனுக்குத் தான் தோற்றது தெரியும் முன்பே பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரிந்துவிடும். அந்த இரவைத் தாண்டாத பிள்ளைகள் ஒவ்வொரு வருஷமும் உண்டு.

இந்தச் சாவுகளைத் தடுத்ததில் பெரிய பங்கு ஆறுதல் பேச்சுக்கு இல்லை, கால அட்டவணைக்குத்தான். சென்னையில் 1986-இல் 'சிநேகா' தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் போன்றவர்கள் வலியுறுத்தியதன் பேரில், தோற்றவர்கள் ஒரு வருஷம் காத்திருக்காமல் உடனே எழுதுகிற துணைத்தேர்வு 2000-களின் தொடக்கத்தில் வந்தது. ஒரு வருஷம் வீணாகிவிட்டது என்ற நினைப்புதான் பிள்ளையைக் கொல்கிறது, அந்த வருஷத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்பது அதன் தர்க்கம். 2017-இல் மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று ரேங்க் அறிவிப்பதையும் அரசு நிறுத்தியது. இன்றைக்கு ரிசல்ட் போனுக்கு மெசேஜாக வருகிறது. தோற்றவன் தன் தோல்வியை முதலில் தானே படிக்கிறான். பழனிசெட்டிபட்டிப் பையன் ஒருவனுக்கு உளவியல் செய்த உதவியில் ஆகப் பெரியது இந்த மாற்றங்களாகத்தான் இருக்கும். அவனுக்கு அது தெரியவே தெரியாது.

பிரம்பைச் சட்டம் பிடுங்கியது 2003-இல். தமிழ்நாடு கல்வி விதிகளைத் திருத்தி உடல் தண்டனையைத் தடை செய்தார்கள். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அடியை மட்டுமல்லாமல் மன உளைச்சலையும் சேர்த்துத் தடுத்தது. அடியாத மாடு படியாது என்பவர்களுக்கு ஆராய்ச்சி வேறு பதில் வைத்திருக்கிறது. 2016-இல் எலிசபெத் கெர்ஷாஃப் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஐம்பது வருஷ ஆய்வுகளை, 1,60,000 பிள்ளைகளைப் பற்றிய தகவலை, ஒன்றாகத் திரட்டிப் பார்த்தார். வீட்டில் அடி வாங்குகிற பிள்ளைகளிடம் கீழ்ப்படிதல் கூடவில்லை, முரட்டுத்தனமும் மனக்கஷ்டமும்தான் கூடியிருந்தது. நம் நாட்டில் மத்திய அரசு 2007-இல் வெளியிட்ட ஆய்வில், 13 மாநிலங்களில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பேர் பள்ளியில் அடி வாங்கியதாகச் சொன்னார்கள். தமிழ்நாடு அந்தப் பதின்மூன்றில் இல்லை. இருந்திருந்தால் கணக்கு குறைந்திருக்கும் என்று நினைக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

பிரம்பு போன இடத்தில் எதை வைப்பது? அதை யாரும் சொல்லவில்லை. "கையக் கட்டிப் போட்டுட்டுப் பிள்ளைய அடக்குன்னா எப்படி சார்" என்று ஆசிரியர் அறைகளில் இருபது வருஷமாகக் கேட்கிற புலம்பலில் நியாயம் உண்டு. 2012 பிப்ரவரியில் சென்னையில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் ஆசிரியையை வகுப்பறையிலேயே குத்திக் கொன்றான். மாநிலமே அதிர்ந்தது. அடுத்து வந்தவை நடமாடும் உளவியல் ஆலோசனை மையங்கள். ஒரு வண்டி, அதில் ஓர் உளவியலாளர், பள்ளி பள்ளியாகப் போய்ப் பேசுவது. அப்போதிருந்த 32 மாவட்டங்களுக்கும் சேர்த்துப் பத்து வண்டி. ஒரு பள்ளிக்கு வண்டி வந்தால் அன்று மைதானத்து மரத்தடியில் ஐந்நூறு பேரை உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேச்சு நடக்கும். மனசு விட்டுப் பேசுங்கள் என்று ஐந்நூறு பேரிடம் மைக்கில் சொன்னால் எவன் பேசுவான்? வண்டி போன பிறகு பேச நினைத்தவன் அடுத்த முறை அது வரும்வரை காத்திருக்க வேண்டும்.

பிறகு வந்தது நம்பர்களின் காலம். குழந்தைகளுக்கு 1098. உடல்நலம், தேர்வு பயம் இவற்றுக்கு 104. பள்ளிக் கல்விக்கு 2018-இல் தொடங்கிய 14417. மனநலத்துக்கு 2022-இல் வந்த 14416. தமிழ்நாட்டில் அதற்கு 'நட்புடன் உங்களோடு' என்று அழகாகப் பெயரும் வைத்தார்கள். எந்தப் பள்ளிச் சுவரைப் பார்த்தாலும் இதில் இரண்டு நம்பராவது எழுதியிருக்கும். 'மாணவர் மனசு' என்று ஒரு பெட்டியும் மாட்டினார்கள். கல்லூரிகளில் 'மனம்' என்று மனநல நல்லாதரவு மன்றம் 2022 டிசம்பரில் தொடங்கியது. இவற்றைக் கிண்டல் செய்ய மாட்டேன். நடுராத்திரியில் ஒரு பிள்ளைக்கு அந்த முனையில் ஒரு குரல் கிடைப்பது சின்ன விஷயம் இல்லை. ஆனால் போன் அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிற வீட்டில், அப்பாவைப் பற்றித்தான் பேச வேண்டியிருந்தால்?

அதே 2022-இல் வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்து வகுப்பறைகளிலிருந்து வீடியோக்கள் பரவின. பெஞ்சை உடைக்கிறார்கள், ஆசிரியரை மிரட்டுகிறார்கள். மே மாதம் சட்டமன்றத்தில் பள்ளிக் கல்வி அமைச்சர், இப்படி நடக்கும் மாணவரை நிரந்தரமாக நீக்கி, காரணத்தை மாற்றுச் சான்றிதழிலும் நடத்தைச் சான்றிதழிலும் குறிப்பிடுவோம் என்றார். கோபத்தில் வந்த பேச்சு, புரிகிறது. ஆனால் ரேகைப் பதிவேட்டை ஒழிக்க முப்பது வருஷத்துக்கு மேல் போராடிய சீமையில், பதினைந்து வயதுப் பையனின் பெயருக்கு எதிரே மறுபடி ஒரு குறிப்பு எழுதச் சொல்வதைக் கேட்கச் சங்கடமாக இருந்தது.

இன்றைய வகுப்புக்குள் போய்ப் பார்ப்போம். முதல் பீரியடிலேயே மேசையில் தலை சாய்ந்து தூங்குகிற பையன் ஒருவன் பள்ளத்தாக்கில் எல்லா வகுப்பிலும் உண்டு. போன் நோண்டியிருப்பான் என்று திட்டுவார்கள். அதுவும் இருக்கும். ஆனால் போடி, தேவாரம், கம்பம் பக்கத்து ஊர்களில் விடியுமுன்பே ஜீப்புகள் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலையேறுகின்றன. அம்மா மூன்றரை, நான்கு மணிக்கு எழுந்து சோறாக்கி, வாளியை எடுத்துக்கொண்டு ஜீப்புக்கு ஓடுவாள். அவனும் அப்போதே எழுந்தவன்தான். தங்கச்சியைக் குளிக்க வைத்து, சடை பின்னத் தெரியாமல் ரப்பர் பேண்டு போட்டு, பள்ளியில் விட்டுவிட்டு அவன் வகுப்புக்கு வரும்போது மணி அடித்திருக்கும். அம்மா இடுக்கி மலையிலிருந்து திரும்ப இருட்டிவிடும். பழனிசெட்டிபட்டியில் ஜீப்புக்குப் பதில் மில் ஷிப்டு, ஜவுளிக்கடை, ஹோட்டல் வேலை. மணிக்கணக்கு மட்டும்தான் மாறும். முன்பும் தாய்மார் வேலைக்குப் போனார்கள், களையெடுத்த வயல் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. பாட்டி இருந்தாள். இப்போதும் பாட்டி இருக்கிறாள், போன் அவளுக்குப் புரியாது.

ஊட்டத்தைப் பொறுத்தவரை அரசு ஒரு நல்ல காரியம் செய்தது. 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், தொடக்கப் பள்ளியில் பசியால் வருகிற பாதிச் சேட்டையைத் தீர்த்திருக்கும். தங்கச்சிக்கு உப்புமா கிடைக்கிறது. ஒன்பதாவது படிக்கிற அண்ணனுக்குக் கிடையாது.

அவன் பையில் இன்றைக்கு என்னென்ன இருக்கலாம் என்று ஆசிரியர்கள் பயப்படுகிறார்கள். உதட்டுக்குள் அடக்கிக்கொள்கிற கூல் லிப் என்ற புகையிலைப் பொட்டலம் பள்ளிப் பிள்ளைகளிடம் புழங்குவதைப் பற்றி மதுரை உயர் நீதிமன்றக் கிளையே 2024-இல் கவலைப்பட்டது. கம்பத்தின் பெயரைச் சொன்னாலே வெளியூர்க்காரனுக்குத் திராட்சைக்கு அடுத்து ஞாபகம் வருவது கஞ்சா. கையில் சாதிக்கொரு நிறத்தில் கயிறு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் கூடப் படித்தவர்களே ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பின் அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் கயிறு, நெற்றிக் குறி எல்லாம் வேண்டாம் என்று சொன்னதோடு, ஐந்நூறு பேருக்கு மேல் படிக்கும் பள்ளிக்கு ஒரு பள்ளி நல அலுவலரை நியமிக்கச் சொன்னது. கயிறைப் பற்றித் தொலைக்காட்சியில் வாரக்கணக்கில் விவாதித்தார்கள். நல அலுவலரைப் பற்றி ஒரு நாள்கூட யாரும் சண்டை போட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

என்.சி.இ.ஆர்.டி. 2022-இல் நாடு முழுக்க 3,79,842 பிள்ளைகளிடம் கேட்டபோது 81 சதவீதம் பேர் பதற்றத்துக்குக் காரணமாகச் சொன்னது படிப்பையும் பரீட்சையையும் ரிசல்ட்டையும். நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுக்காரர்களில் 7.3 சதவீதம் பேருக்கு மனநலச் சிக்கல் இருப்பதாகக் கண்டது. நாற்பது பேர் வகுப்பில் மூன்று பேர். அந்த மூன்று பேருக்கு என்ன செய்தால் பலிக்கும்?

நாலாவது பதில் இங்கேதான் வருகிறது, பீகாரில் நடந்த ஓர் ஆய்விலிருந்து. 'சேஹர்' என்று பெயர். சங்கத் என்ற கோவா அமைப்பும் விக்ரம் படேல் போன்ற ஆய்வாளர்களும் சேர்ந்து, நாளந்தா மாவட்டத்தில் 74 அரசுப் பள்ளிகளைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியில் வழக்கமான வாழ்க்கைத் திறன் பாடம் மட்டும். இன்னொரு பகுதியில் அதே பள்ளி ஆசிரியர் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து, பிள்ளைகளின் மனநலத்தைப் பார்க்கச் சொன்னார்கள். மூன்றாவதில் உளவியல் நிபுணர் அல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற ஓர் ஆளைப் பள்ளியிலேயே உட்கார வைத்தார்கள். அவர் வேலை பெரிதாக ஒன்றும் இல்லை. காலைக் கூட்டத்தில் பேசுவார், சுவர்ப் பத்திரிகை போட வைப்பார், பெட்டியில் விழுகிற சீட்டைப் படித்துப் பதில் சொல்வார், தேடி வருகிற பிள்ளையிடம் உட்கார்ந்து பேசுவார். எட்டு மாதம். 2018-இல் லான்செட்டில் வந்த முடிவு இது: அந்த ஆள் இருந்த பள்ளிகளில் மனச்சோர்வு குறைந்தது, கேலி வதை குறைந்தது, அடிதடி குறைந்தது, பள்ளி பிடித்துப்போனது. ஆசிரியரே அதைச் செய்த பள்ளிகளில் சொல்லிக்கொள்ளும்படி எந்த மாற்றமும் இல்லை.

ஆசிரியர்களுக்கு அக்கறை இல்லை என்று இதற்குப் பொருள் சொல்வது அநியாயம். கணக்கு எடுத்து, பேப்பர் திருத்தி, 'எமிஸ்' இணையதளத்தில் விவரம் ஏற்றி, விலையில்லாப் பொருளுக்குக் கையெழுத்து வாங்குகிறவரிடம் மனசையும் பார் என்றால் எந்த நேரத்தில் பார்ப்பார்? இன்னொன்றும் உண்டு. மார்க் போடுகிற கையிடம் எந்தப் பிள்ளையும் முழுசாகப் பேசாது. பிரிட்டனில் எட்டாயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்களைக் கொண்ட ஓர் ஆய்வில், ஒரு பகுதிப் பள்ளிகளில் ஆசிரியர்களை வைத்தே மனக்குவிப்புப் பாடம் நடத்திப் பார்த்தார்கள். 2022-இல் வந்த முடிவு: மனநலத்தில் பயன் தெரியவில்லை. அதனால்தான் ஒவ்வொரு சம்பவத்துக்குப் பிறகும் "வாரம் ஒரு பீரியட் நீதிபோதனை" என்று வரும் சுற்றறிக்கையைப் பார்க்கும்போது எனக்குக் கொட்டாவி வருகிறது. பீரியடால் ஆகாத காரியம் ஓர் ஆளால் ஆகிறது. அந்த ஆள் நாளைக்கும் அங்கேயே இருப்பார் என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும், அதுதான் விஷயம். பழைய வாத்தியாரின் தூக்குவாளிச் சோற்றில் இருந்ததும் அதுதான், பிரம்பைக் கழித்துப் பார்த்தால்.

2025 ஜூலை 25-இல் உச்ச நீதிமன்றம் சுகதேவ் சாஹா வழக்கில் பதினைந்து வழிகாட்டுதல்கள் கொடுத்தது. நூறு பேரோ அதற்கு மேலோ படிக்கிற எந்தக் கல்வி நிறுவனத்திலும் தகுதியான ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஒருவராவது இருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. சந்துரு குழு ஐந்நூறு என்றது, நீதிமன்றம் நூறுக்கு இறக்கிவிட்டது. பழனிசெட்டிபட்டியைச் சுற்றி நூறு பேருக்குக் குறைந்த உயர்நிலைப் பள்ளியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அவ்வளவு ஆளுக்கு எங்கே போவது என்று அதிகாரிகள் கேட்பார்கள். லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாட்டில் நியாயமான கேள்வி. க.விலக்கில் இருக்கிற தேனி அரசு மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவு எல்லாப் பள்ளிக்கும் வந்துவிட முடியாது, வரவும் வேண்டாம். கடுமையான நோய் இருக்கிற பிள்ளையை அங்கே சேர்ப்பதற்கு வழி தெரிந்த ஒருவர் பள்ளியில் இருந்தால் போதும். அந்த ஒருவருக்குப் பெரிய பட்டம் தேவையில்லை என்பதைத்தான் நாளந்தா காட்டியது. அப்படிப்பட்டவர்களை இந்த மாநிலம் ஏற்கெனவே ஒருமுறை தேடிக் கண்டுபிடித்தும் இருக்கிறது. கொரோனாவுக்குப் பின் 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யில் ஏறத்தாழ இரண்டு லட்சம் தன்னார்வலர்கள் வந்தார்கள். பெரும்பாலும் அந்தந்தத் தெருவின் பெண்கள், பட்டம் வாங்கிவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்தவர்கள். திண்ணையிலும் மாடியிலும் கோயில் வாசலிலும் மாலை ஐந்திலிருந்து ஏழு வரை பிள்ளைகளோடு உட்கார்ந்தார்கள். தோட்டத்து ஜீப் திரும்பி வராத நேரம் அது. கணக்கு, தமிழோடு எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பதும் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

மாதம் ஆயிரம் ரூபாய் கொடுத்தார்கள் அவர்களுக்கு. அந்தப் பெண்களில் சிலரைப் பொறுக்கியெடுத்துப் பயிற்சி கொடுத்து, பள்ளியில் கதவுள்ள ஓர் அறையும் ஒழுங்கான சம்பளமும் தந்தால், பீகாரில் நடந்ததைத் தேனியில் செய்து பார்க்கலாம். ஆயிரம் ரூபாய்க்கு மட்டும் மறுபடி கூப்பிடாதீர்கள். இந்தத் தடவை வரமாட்டார்கள், வரவும் கூடாது.